நார்மல் தாயிடம் வளர்ந்தவை

ஜனவரி 12

அலுவலர் சங்கத்தின் பொங்கல் விழா. வளாகத்தில் இவ்வளவு மரங்கள் இருக்க, ஒலிபெருக்கிகளை விலங்குக் கூடத்தின் சுவரை ஒட்டி அடுக்கினார்கள். போய்க் கேட்டேன். "அங்க ஆளுங்க யாரும் இல்லையே மேடம், எலிங்கதானே" என்றார் சங்கச் செயலாளர். கையில் ஒரு துண்டுக் கரும்பு வேறு கொடுத்து அனுப்பினார்.

மதியம் உள்ளே போனபோது ஒரு தாய் தன் குட்டிகளில் இரண்டைத் தின்று முடித்திருந்தது. மற்றவை கூண்டெங்கும் சிதறிக் கிடந்தன. ரோஜா நிறம், திறக்காத கண், விரல் நீளம்கூட இல்லை. தாய் மூலையில் நின்று கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தது. வெளியே உறியடி, கைதட்டல்.

தெரிந்ததை எழுதினால் மனம் அடங்கும் என்பதால் எழுதுகிறேன். எங்களிடம் இரண்டு வகை எலிகள். இரண்டும் வெள்ளை, இரண்டுக்கும் சிவந்த கண். பக்கத்தில் வைத்தால் எனக்கே வித்தியாசம் தெரியாது. ஒரு வகைக்கு வளர வளர ரத்த அழுத்தம் தானாக ஏறும். அழுத்தம் அதிகமுள்ளதை அதிகமுள்ளதோடே சேர்த்துச் சேர்த்து உண்டாக்கிய வம்சம். ஹைப்பர் என்போம். இன்னொன்று அதே மூதாதையரிடமிருந்து வந்த, அழுத்தம் ஏறாத வம்சம். நார்மல் என்போம். ஹைப்பருக்கு ஏன் ஏறுகிறது? என் வழிகாட்டி பேராசிரியர் கனகசபாபதி இருபது வருடங்களாக ஒரே பதிலை வைத்திருக்கிறார்: மரபணு. ஒரு குரோமோசோமில் ஒரு துண்டு. அவ்வளவுதான், வேறெதுவும் இல்லை. அதற்குச் சான்று சேர்ப்பதுதான் என் முனைவர் பட்டம்.

சாருக்குப் போன் செய்தேன். பொங்கலுக்குச் சொந்த ஊரான கோபிக்குக் காரில் போய்க்கொண்டிருந்தார்.

"சார், ஒரு ஹைப்பர் தாய் குட்டிங்கள சாப்பிடுது சார். நார்மல்ல பால் இருக்கற தாய் ஒண்ணு இருக்கு. அதுகிட்ட மாத்திடட்டுமா?"

"எதையாச்சும் பண்ணு கண்ணு. எண்ணிக்கை குறையக்கூடாது. நான் டோல்கேட்ல நிக்கறேன்."

மாற்றினேன். அந்த நார்மல் தாயின் குட்டிகளை இன்று காலைதான் பக்கத்து ஆய்வகத்தார் இதயச் செல் எடுப்பதற்காக அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். பால் கட்டிப்போய்க் கிடந்தது. அதன் கூண்டிலிருந்த ஈர மரத்தூளை எடுத்து ஒன்பது குட்டிகள் மீதும் தேய்த்தேன். தன் வாசம் வந்தால்தான் சேர்த்துக்கொள்ளும். உள்ளே விட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முகர்ந்தது. மறுபடி முகர்ந்தது. ஒவ்வொன்றாக வாயில் கவ்வி மூலைக்கு இழுத்துப் போட்டது. அவற்றின் மேல் படுத்துக்கொண்டது.

கூண்டு கழுவும் ஒப்பந்தத் தொழிலாளி முனிரத்தினம் எட்டிப் பார்த்தார். "பரவால்லியே, இன்னா ஜாதின்னு கேக்காம எட்துக்கிச்சே" என்றார்.

இன்று சிரித்தது அப்போது மட்டும்தான்.

ஜனவரி 15

அம்மா போனில் சண்டை.

"எலிக்குப் பிரசவம் பாக்கறதுக்கா உன்ன மெட்ராஸுக்கு அனுப்பனோம்?"

"பிரசவம் முடிஞ்சிட்ச்சுமா. இப்ப பத்தியம்."

"வாயப் பாரு. பண்டிகைக்கு வரல, வாய் மட்டும் வருது."

"அப்பா இன்னா பண்றாரு?"

"டிவி பாத்துனு கீறாரு. கரும்பு வேணும்னு கை காட்னாரு. வலது கைல புடிக்க முடியல. நான் கடிச்சிக் குட்தேன்."



பிப்ரவரி 2

ஒன்பதும் பிழைத்துவிட்டன. தாயிடமிருந்து பிரித்தேன். ஹைப்பர் எல்லாவற்றுக்கும் வலது காதில் துளை போடுவது வழக்கம். இவற்றுக்கு வலது காதில் துளையும் விளிம்பில் ஒரு வெட்டும். ஒன்று என் விரலைக் கடித்தது. கடிக்கட்டும். நானும் கடிப்பேன்.

மார்ச் 22

அளக்கும் காலம் தொடங்கிவிட்டது. எலியைக் குழாய் போன்ற கண்ணாடிச் சிறையில் விட்டு, வெதுவெதுப்பான தட்டின் மேல் வைத்து, வாலில் பட்டை கட்டிக் காற்றடிக்க வேண்டும். எலி பதறினால் எண் பொய். நான் பதறினாலும் எலிக்குத் தெரிந்துவிடும், எண் பொய். ஒரு நாள் அளவை வைத்து எதுவும் சொல்லக் கூடாது. மூன்று நாள் அளந்து சராசரி எடுப்பதுதான் முறை.

ஆகவே என் வேலை, கோபத்தை வெளியே செருப்போடு கழற்றிவிட்டு உள்ளே போவது. இந்த வளாகத்தில் அது லேசான வேலை இல்லை. இன்று காலை விடுதிக் காப்பாளர், "ஸ்காலர்ஷிப்காரங்க மெஸ்ஸுல ரெண்டாவது வரிசை" என்றார். ஏன் என்று கேட்டேன். "எப்பவும் அப்படித்தான்" என்றார். ஊறுகாயும் சோறும் வாங்கிக்கொண்டு அறையில் சாப்பிட்டேன். மெஸ் சாம்பாரை விட அந்த ஊறுகாய் மேல்.

ஏப்ரல் 12

மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். சொந்தத் தாயிடம் வளர்ந்த ஹைப்பர்களுக்கு நூற்றுத் தொண்ணூறைத் தாண்டுகிறது. நார்மல் தாயிடம் வளர்ந்த என் ஒன்பதுக்கும் அப்படி ஏறவில்லை. ஒன்றுகூட ஏறவில்லை! ஒரே ரத்தம், ஒரே வம்சம், ஒரே தீவனம், ஒரே அறை. வளர்த்தவள் மட்டும் வேறு.

வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பின்மண்டை வலிக்கிறது. கண்ணாடியை மாற்ற வேண்டும்.

ஏப்ரல் 19

மூக்கில் ரத்தம். குளிர்சாதனக் காற்று வறட்டுகிறது.

மே 1

ராணிப்பேட்டை. தோல் ஷெட் வாசலில் கொடியேற்றம். அப்பாவுக்கு ஒவ்வொரு வருடமும் அங்கே போயாக வேண்டும். எனக்குச் செங்கொடி என்று பெயர் வைத்ததும் இந்த நாளை நினைத்துத்தான். ஆட்டோவில் உட்கார வைத்து நானும் அம்மாவும் கூட்டிப்போனோம். நாற்காலி போட்டார்கள். முழக்கம் போடும்போது அப்பாவின் இடது கை மட்டும் உயர்ந்தது. வாயிலிருந்து ஒரு ஒலி வந்தது. சொல் வரவில்லை.

அப்பாவோடு வேலை செய்த ஏகாம்பரம் மாமா தோளில் தட்டினார். "இன்னா செங்கொடி, டாக்டர் ஆயிட்டியா?"

"எலி டாக்டர் மாமா."

"அப்ப எங்க ஷெட்டுக்கு வந்துடு. எலிங்களுக்கும் எங்களுக்கும் ஒரே எடந்தான்."

அப்பா விழுந்தது உப்புத் தோல் கிடங்கில். வந்திறங்கும் பச்சைத் தோலுக்கு உப்படித்து அடுக்கவேண்டும், அடுக்கியதை எடுத்து உதறவேண்டும். தகரக் கூரை. காற்றில் உப்பு, தோலில் உப்பு, சோற்றுப் பாத்திரத்தில் உப்பு. இருபத்தாறு வயதில் போனவர் ஐம்பதில் அங்கேயே சரிந்தார். நிர்வாகத்து மருத்துவர் எழுதிக் கொடுத்தது: பரம்பரை ரத்த அழுத்தம், தகப்பனாருக்கும் இருந்தது, வேலைக்கும் நோய்க்கும் தொடர்பில்லை. அதோடு நிர்வாகம் கையைக் கழுவிக்கொண்டது.

தகப்பனாருக்கும் இருந்தது உண்மை. தாத்தாவும் அப்படித்தான் விழுந்தார். அதே கிடங்கில், அதே உப்பின் மேல். எங்களுக்குப் பரம்பரையாக வந்தது என்ன என்பதை அந்த மருத்துவர் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்காமலிருக்கத்தான் அவருக்குச் சம்பளம்.

என் ஒன்பது எலிகளை அந்த ஆளின் மேசையில் கொண்டுபோய் விட வேண்டும்.

மே 17

ரத்த அழுத்த விழிப்புணர்வு நாளாம். நிர்வாகக் கட்டடத்தில் பந்தல், பலூன். ரத்த அழுத்தத்துக்குப் பலூன்! ஆய்வகத்தார் அனைவரும் வரிசையில் நின்று அளந்துகொள்ள வேண்டும் என்று சுற்றறிக்கை.

சுகாதார மையத்துச் செவிலியர் கிளாடிஸ் அக்கா பட்டையைக் கட்டினார். காற்றடித்தார். முகம் மாறியது. மறுபடி அடித்தார்.

"வயசு இன்னாம்மா?"

"இருபத்தெட்டு."

"வீட்ல யாருக்காவது பிரஷர் இருக்கா? அப்பா, அம்மா?"

"இல்ல."

"தலைவலி?"

"மாடிப்படி ஏறி வந்தேன் அக்கா. அதான்."

"இது ஒரு மாடிப்படி ஏறினதுக்கு வர்ற பிரஷர் இல்லம்மா. இன்னும் ரெண்டு நாள் வா. மூணு வாட்டி பாத்தாத்தான் எதையும் சொல்ல முடியும்."

பந்தலில் அத்தனை சத்தம், பக்கத்தில் மைக். அங்கே அளந்தால் யாருக்கும் சரியாக வராது. எண்ணை எழுத வேண்டிய அவசியமில்லை.

மே 24

சாரிடம் காட்டினேன். வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி பார்த்தார்.

"இதுல நார்மல் கலந்திருக்குது."

"கலக்கல சார். காதுல துளை இருக்கு. வெட்டும் இருக்கு."

"துளை போட்டது யாரு?"

"நான்தான் சார்."

"கூண்டு கழுவறது?"

"முனிரத்தினம்."

"அப்பறமென்ன? கழுவிட்டு மாத்தி வெச்சிருப்பான். அவனுக்கு என்ன தெரியும். அந்தக் கம்பெனிக்காரன்கிட்டச் சொல்லி வேற ஆள் கேக்கறேன்." குரல் தணிந்தது. "செங்கொடி, ரத்தத்துல இருக்கறதை யாராலயும் மாத்த முடியாது கண்ணு. மாறுச்சுன்னா அது வேற ரத்தம். அவ்வளவுதான்."

வெளியே வந்து முனிரத்தினத்திடம் சொன்னேன். வாளியைக் கீழே வைத்தார்.

"நான் மாத்தி வெச்சேனா? எலி ரூமுக்கு ஏசி, எனக்கு ஒரு டேபிள் ஃபேன் கெடையாது. அதக்கூட கேக்காம கழுவினு கீறேன். இப்ப பழி வேறயா? உன் படிப்புல எதுனா ரிப்பேர்னா என் தலைல ஏன்மா போடறீங்க?"

"நான் போடல, அவருதான் போடறாரு."

"நீயும் அவுரும் ஒண்ணுதான். உள்ள போறப்ப ரெண்டு பேரும் வெள்ளக் கோட்டு மாட்டிக்கிறீங்கல்ல."

வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு விடுதிக்கு நடந்தேன். வழியெல்லாம் காதுக்குள் என் நாடி கேட்டுக்கொண்டே வந்தது.

ஜூன் 3

இவை உண்மையான ஹைப்பர்தானா, இல்லையா? டி.என்.ஏ. சொல்லிவிடும். இரண்டு வம்சத்துக்கும் சில இடங்களில் அடையாளம் வேறு. சார் அந்தச் சோதனைக்கு அனுமதி தரமாட்டார். மூன்றாவது மாடியில் ஹைருன்னிசா இருக்கிறாள். கீழக்கரைக்காரி, செடிகளின் மரபணுவில் ஆய்வு, என் ஒரே தோழி.

"நெல்லுக்குப் பண்ற மெஷின்ல எலிக்குப் பண்ணச் சொல்றியா?"

"மெஷினுக்கு எலியும் நெல்லும் தெரியுமா?"

"எங்க சாருக்குத் தெரியுமே, புள்ள." கொஞ்சம் யோசித்தாள். "வால் நுனி கொண்டா. ஞாயித்துக்கெழம ஓட்டிப் பாப்போம். மாட்டினா நீதான் என்னைய மிரட்டுனேன்னு சொல்லுவேன்."

"சொல்லு. நம்புவாங்க. என் மூஞ்சி அப்படி."

ஒன்பது வால்களிலும் நுனியில் எள்ளளவு வெட்டினேன். மரத்துப்போகும் மருந்து தடவித்தான் வெட்டினேன். இருந்தாலும் ஒவ்வொன்றும் திரும்பிப் பார்த்தது.

ஜூன் 9

ஆய்வுக் குழுக் கூட்டம். நான்கு பேராசிரியர்கள், முந்திரி பிஸ்கட். நான் வரைபடத்தைப் போட்டதும் சார் எழுந்து எனக்கும் திரைக்கும் நடுவில் வந்து நின்றார்.

"இந்த ஒன்பது அனிமல்ஸையும் கணக்குல எடுத்துக்க வேண்டாம். ஸ்டாக் கலந்துபோச்சுங்க. பொண்ணு நல்ல உழைப்பாளிதான். இந்த கேட்டகிரில வர்றவங்களை ஆரம்பத்துல கொஞ்சம் கைபுடிச்சுத்தான் கூட்டிட்டுப் போகோணும். பிரஷர் தாங்க மாட்டாங்க."

ஒருவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார். அது உடைந்து உள்ளே விழுந்தது. அதைக் கரண்டியால் தேடிக்கொண்டிருந்தார்.

நான் பேசினேன். என்ன பேசினேன் என்பது முழுவதும் நினைவில்லை. காதில் ஓர் இரைச்சல். எதிரில் வாய்கள் அசைவது மட்டும் தெரிந்தது. மேலே மின்விசிறி பழசு, அதன் சத்தம்தான். "நீங்க என்ன கேட்டகிரி சார்?" என்று கேட்டதாகப் பிறகு ஹைரு சொன்னாள். வாசலில் நின்ற உதவியாளர் அவளிடம் சொன்னாராம். கேட்டிருந்தால் சரிதான்.

முடிவு: தரவைச் சுத்தம் செய்து மீண்டும் சமர்ப்பிக்கவும். சுத்தம். அந்த வார்த்தையை எங்கள் தெருவில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்.

ஜூன் 15

ஒன்பதும் அசல் ஹைப்பர்! ஒரு கோடுகூடப் பிசகவில்லை. ஹைரு படத்தைத் திரையில் காட்டி, "இந்தா புள்ள, உங்க வீட்டுப் புள்ளைங்கதான், சந்தேகமே வேணாம்" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டேன். முனிரத்தினத்திடம் ஓடிப் போய்ச் சொன்னேன். "அப்ப என் வேல போவாதுல்ல?" என்று மட்டும் கேட்டார்.

ஜூன் 16

படத்தைச் சாரின் மேசையில் வைத்தேன். கத்துவார் என்று நினைத்துத் தயாராகப் போயிருந்தேன். கத்தவில்லை. அதுதான் மோசம்.

"சரி. அசல் ஹைப்பர்தான். ஒத்துக்கறேன். இப்ப சொல்லு, குட்டிகளை வேற தாய்கிட்ட மாத்தறதுக்கு நெறிமுறைக் குழு அனுமதி எங்க?"

"அன்னைக்குப் போன்ல கேட்டேன் சார். எதையாச்சும் பண்ணுன்னு சொன்னீங்க. டோல்கேட்ல இருந்தீங்க."

"எனக்கு ஞாபகமில்ல கண்ணு." இதைச் சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். கண்ணைக்கூட விலக்கவில்லை. "அனுமதி இல்லாத பரிசோதனை எந்தப் பத்திரிகையிலயும் வராது. உன் மேலதான் விசாரணை வரும். வேணுமா?"

"உண்மை உண்மைதானே சார்?"

"எந்த உண்மை? உன் எலிகளுக்கு எவ்வளவு? நூத்தி அறுபது, நூத்தி அறுபத்தஞ்சு. நார்மலுக்கு நூத்தி இருபத்தஞ்சு. நூத்தி அறுபது நார்மலா? சொல்லு. முப்பது புள்ளி எறங்குச்சு. மிச்சம் எங்கிருந்து வந்துச்சு?"

சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

"எங்கய்யன் நாப்பத்தெட்டு வயசுல வயல்லயே போயிட்டாரு. எங்கண்ணன் அம்பதுல. எனக்கு இப்ப அம்பத்தேழு. எப்படித் தெரியுமா? ரத்தத்துல இருக்குதுன்னு முப்பது வயசுலயே ஒத்துக்கிட்டேன். தெனம் ஒண்ணு. ஒரு நாள் தவறுனதில்ல." என் முகத்தை உற்றுப் பார்த்தார். "உன் கண்ணு செவந்து கெடக்குது. அன்னைக்குக் கூட்டத்துலயும் பார்த்தேன். உங்க வீட்ல யாருக்காச்சும் இருக்குதா?"

"இல்ல சார்."

இந்த ஆளிடம் அப்பாவைக் கொடுக்க மாட்டேன். அப்பாவை ஏற்கனவே ஒரு டாக்டர் ஒரே வார்த்தையில் எழுதி மூடியாயிற்று.

ஜூன் 22

திங்கட்கிழமை. கூடத்துக்குப் போனேன். ஒன்பதும் இருந்த இரண்டு கூண்டுகள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

முனிரத்தினம் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "சனிக்கெழம சார் வந்தாரு. லேபுல புச்சா சேந்த பையனக் கூட்டினு வந்து முட்ச்சிட்டாரு. என்ன எட்து எட்துக் குடுக்கச் சொன்னாரு. குட்தேன்."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"பண்ணியிருந்தா என் வேல போயிருக்கும். கம்பெனிக்கு எழுத மாட்டேன்னு அப்பத்தான் சொன்னாரு. உனக்குப் பட்டம்மா. எனக்கு ரெண்டு பொண்ணு."

எலியைக் கொல்வதை எங்கள் ஆய்வகத்தில் கொல்வது என்று சொல்ல மாட்டார்கள். சாக்ரிஃபைஸ் என்பார்கள். தியாகமாம். யாருடைய தியாகம்? எலி கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததா? ஒலிபெருக்கிக்குப் பயந்த தாயிடமிருந்து பிழைத்து, வேறொருத்தியின் பாலைக் குடித்து, வாலில் பட்டை இறுகும்போதெல்லாம் பொறுத்துக்கொண்டு, ஒருவரும் கேட்க விரும்பாத ஒன்றை ஒன்பது உடம்புகள் சொல்லின. சொன்னதற்காகக் கொன்றார்கள். அதற்குப் பதிவேட்டில் கூண்டு பற்றாக்குறை என்று காரணம் எழுதியிருக்கிறது.

முனிரத்தினத்தின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஜூன் 23

அம்மா போன். எடுக்கவில்லை.

ஜூலை 2

சார் கூப்பிட்டார். பேச்சில் ஒரு குறையும் இல்லை. நாற்காலி, காபி.

"தீசிஸ்ல அந்த ஒம்பது எலி அத்தியாயத்தை எடுத்துடு. மத்ததெல்லாம் நல்லா வந்திருக்குது. அடுத்த வாரமே கையெழுத்துப் போட்டுத் தர்றேன். கோயமுத்தூர்ல ஒரு காலேஜ்ல எடம் இருக்குது, நான் ஒரு வார்த்தை சொன்னா போதும். உங்கப்பா அம்மாவை நெனச்சுப் பாரு கண்ணு."

என் அப்பாவைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? நான்தான் எதையும் சொல்லவில்லையே.

"அந்த அத்தியாயம் இல்லாம தரமாட்டேன் சார்."

"அப்ப என்கிட்ட கையெழுத்து இல்ல."

"சரி சார்."

காபியைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன். விடக் கூடாது என்று தோன்றியது.

வழிகாட்டியை மாற்றக் கேட்டு எழுதிவிட்டேன். நெறிமுறைக் குழுவுக்கும் விண்ணப்பம் போட்டுவிட்டேன்: ஜனவரியில் நான் செய்தது இது, போனில் அனுமதி கேட்டேன், எழுத்தில் வாங்கவில்லை, இப்போது எழுத்தில் கேட்கிறேன், முதலிலிருந்து செய்ய வேண்டும். ஹைப்பர் குட்டி நார்மல் தாயிடம், நார்மல் குட்டி ஹைப்பர் தாயிடம், இரண்டு பக்கமும். இரண்டு வருடம் ஓடிவிடும். உதவித்தொகை அதற்கு முன்பே நின்றுவிடும். விசாரணையும் வரலாம். ஹைரு, "உனக்குப் பைத்தியம்" என்று சொல்லிக்கொண்டே விண்ணப்பத்தில் எழுத்துப் பிழை பார்த்தாள்.

இதையும் எழுதிவிடுகிறேன். ஏப்ரலிலேயே எனக்குத் தெரியும். நூற்று அறுபதுக்குக் கீழ் ஒன்றுகூட இறங்கவில்லை. இந்தக் குறிப்பேட்டில் அன்று "ஒன்றுகூட ஏறவில்லை" என்று ஆச்சரியக்குறி போட்டு எழுதினேன். எவ்வளவு என்று எழுதவில்லை. சார் முப்பதை மறைக்கிறார். நான் மிச்சத்தை மறைத்தேன். ரத்தத்தில் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. ஏன் அப்படி இருந்தது என்று அந்த எலிகளுக்குத் தெரிய நியாயமில்லை.

அத்தியாயத்தில் இரண்டு எண்களையும் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.

ஜூலை 4

நூலகப் படியில் தலை சுற்றியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு பையன் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான். எரிந்து விழுந்தேன். பாவம்.

ஜூலை 6

சுகாதார மையம். பந்தல் இல்லை, மைக் இல்லை. காலையில் வரிசையும் இல்லை. மாடிப்படியும் ஏறவில்லை, தரைத்தளம்தான்.

கிளாடிஸ் அக்காவுக்கு நினைவிருந்தது. "இன்னும் ரெண்டு நாள் வான்னு சொன்னேன். ரெண்டு மாசம் கழிச்சு வர்றே. உக்காரு. பேசாத. காலத் தொங்கப் போடாத, கீழ ஊனு. கொஞ்ச நேரம் சும்மா இரு."

சும்மா இருந்தேன். இதை எலிகளுக்கு எத்தனை முறை செய்திருக்கிறேன். கண்ணாடிக் குழாய்க்குள் அவை மூச்சு வாங்குவது அடங்கும்வரை கையைத் தட்டின் மேல் வைத்துக் காத்திருப்பேன். அடங்கவே அடங்காத ஒன்று இருந்தது, விளிம்பு வெட்டுச் சற்று ஆழமாக விழுந்த ஒன்று. என் விரலைக் கடித்தது அதுதான்.

அக்கா கணினியில் தட்டிக்கொண்டே கேட்டார். "வீட்ல யாருக்காவது பிரஷர்?"

"அப்பாவுக்கு. பக்கவாதம் வந்து வலது கை போச்சு, பேச்சு போச்சு. தாத்தாவுக்கும்."

"போன வாட்டி இல்லன்னியே."

"இருக்கு அக்கா. இருக்குன்னு போடுங்க. ரெண்டு பேரும் உப்புத் தோல் கிடங்குல வேல செஞ்சாங்க. அதையும் போடுங்க."

"அதுக்கு எடமில்லம்மா. 'உண்டு', 'இல்லை', ரெண்டே கட்டந்தான்."

"பக்கத்துல எழுதுங்க."

"கட்டத்துக்கு வெளிய எதுவும் ஏறாது. சாஃப்ட்வேர் அப்படி."

"அப்ப பேப்பர்ல எழுதுங்க. இங்க என் முன்னாடி எழுதுங்க. கிடங்கு, உப்பு, தகரக் கூரை. எழுதி என் பேர்ல வெய்யுங்க. எழுதலன்னா நான் அளக்க விடமாட்டேன்."

"நல்ல பொண்ணு நீ. பிரஷர் பாக்க வந்துட்டு எனக்குப் பிரஷர் ஏத்துற." ஆனாலும் ஒரு தாளை எடுத்தார். எழுதினார். நான் எழுத்தெழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பட்டை இறுகியது. நான் பதறவில்லை.

162/104.

நாளையும் வரச் சொன்னார். நாளை மறுநாளும். போவேன். மூன்று நாள் அளந்து சராசரி எடுப்பதுதான் முறை.